பியூஸ் ஏன் மறுபடியும் போகிறது?

இரவில் காரின் பின்விளக்கு எரியவில்லை. பார்த்தால் பியூஸ் போயிருக்கிறது. புதிய பியூஸ் போட்டார் ஓட்டுநர். விளக்கு எரிந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் போய்விட்டது.

சிலர் என்ன செய்கிறார்கள்? பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் செருகிவிடுகிறார்கள். விளக்கு எரியும். ஆனால் இது பெரிய ஆபத்து.

பியூஸ் ஒரு காவலாளி. அதற்குள் மெல்லிய பட்டை இருக்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் பட்டை உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். கம்பி அப்படி எளிதில் உருகாது. அதற்குப் பதிலாக வயர் சூடாகும். வயரின் உறை தீப்பிடிக்கும். காரே எரிந்து போகலாம்.

பியூஸின் மேல் 10, 15, 20 என்று எண் இருக்கும். அது ஆம்பியர் அளவு. 10 போன இடத்தில் 10 தான் போட வேண்டும். 20 போடக் கூடாது.

பழுது எங்கே இருக்கிறது?

பேட்டரியின் ஒரு முனை காரின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். வயரின் உறை தேய்ந்து, உள்ளே உள்ள கம்பி இரும்பில் பட்டால் பியூஸ் போகும். கார் குலுங்கும்போது மட்டும் படலாம். அதனால்தான் பியூஸ் தினமும் போவதில்லை.

டிக்கிக் கதவின் கீல் அருகே வயர் மடங்கி மடங்கி வெடிக்கும். இரும்புத் துளை வழியே போகும் வயர் உராய்ந்து தேயும். எலியும் வயரைக் கடிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பியூஸ் போகும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன தேதி? மழை பெய்ததா? பிரேக் மிதித்தீர்களா? ரிவர்ஸ் கியர் போட்டீர்களா? டிக்கியை மூடினீர்களா? நாலைந்து முறை எழுதினால் போதும். பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிரேக் மிதித்ததும் போனால், பிரேக் விளக்கின் வயரைப் பார்க்க வேண்டும்.

நோட்டை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அவர் அந்தப் பக்கத்து விளக்குகளின் பல்புகளைக் கழற்றுவார். பியூஸை எடுத்துவிட்டு, அங்கே ஒரு 12 வோல்ட் பல்பை இணைப்பார். சுவிட்சைப் போட்டு, வயரை ஒவ்வொரு இடமாக அசைப்பார். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ, அங்கேதான் பழுது.

பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுவார். கெட்ட வயரை மாற்றி, டேப் சுற்றுவார். துளையில் ரப்பர் வளையம் போட்டால் வயர் மறுபடி தேயாது.

பின்விளக்கு இல்லாத கார், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு இருட்டில் தெரியாது. பியூஸ் ஒரு முறை போனால் மாற்றுங்கள். மறுபடி போனால் காரணத்தைத் தேடுங்கள்.

பேசுவோம்

1. பியூஸுக்குப் பதில் கம்பி போட்டால் என்ன ஆகும்?
2. நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?
3. உங்கள் வீட்டில் பியூஸ் போனால் என்ன செய்கிறீர்கள்?