தாத்தாவின் ராலி சைக்கிள்: எதை மாற்ற வேண்டும்?

எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்வந்த ராலி சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பிரேக்கை மட்டும் யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

போன வருஷம் மழையில் என் தம்பி அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். இறக்கத்தில் பிரேக் பிடித்தான், நிற்கவில்லை. முச்சந்தியில் லோரி. கால்வாய்ப் பக்கம் சாய்ந்து விழுந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினான். "எல்லாம் ஒரிஜினல் சாமான், கை வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான்தான்.

பிரேக் கட்டையில் ஆரம்பித்தேன். கம்பி பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. ஆரக்கம்பி இருக்கும் உள்பக்கத்தை அழுத்தும். எங்கள் கட்டையின் ரப்பர் கல்லாக இறுகிப் பளபளவென்று இருந்தது. இந்தியாவில் இவ்வகை சைக்கிள்கள் தயாராவதால் புதுக் கட்டை கிடைக்கிறது. ஆனால் இரும்பு ரிம் நனைந்தால் புது ரப்பரும் வழுக்கும். மழையில் மெதுவாகத்தான் போகவேண்டும்.

எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது காட்டர் பின். பெடல் கையை அச்சோடு இறுக்கும் சின்ன ஆப்பு அது. தேய்ந்துபோனால் மிதிக்கும்போது 'டொக் டொக்' என்று ஆடும். எழுந்து நின்று மிதிக்கையில் உடைந்தால், ஆள் கீழே. நான் அவசரப்பட்டு 9 மில்லிமீட்டர் பின் வாங்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ராலிக்கு 9.5 வேண்டும். சைக்கிள் கடைத் தவுக்கே சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: பழசைக் கழற்றிக் கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கு.

மாட்டும்போது நட்டை முறுக்கி ஆப்பை இழுக்காதீங்க, மரை போயிடும். பெடல் கைக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகுதான் நட்டு. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே குண்டுகள் ஓடும் இடத்தில் விழும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

டயரில் பக்கவாட்டு வெடிப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வாங்கும்போது '28' என்ற எண்ணை நம்பாதீர்கள். இந்த ரிம்முக்கு 635 என்று அச்சிட்டது வேண்டும், 622 பொருந்தாது. சங்கிலியில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பெயின்ட், மணி, சீட்டு எதையும் நான் தொடவில்லை. கழற்றிய சாமான்களை மைலோ டின்னில் போட்டுக்கொண்டிருந்தபோது பாட்டி எட்டிப் பார்த்தார்.

"எதுக்குடா அதைப் பத்திரப்படுத்துற? உங்க தாத்தா எத்தனை கட்டை மாத்தியிருப்பாரு தெரியுமா!"