டின் பாலும் டாக்டர் அம்மையாரும்

1893-ல் ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் வைத்தியம் பயின்ற டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1929-ல் கானாவுக்கு, அக்கால கோல்ட் கோஸ்டுக்கு, உத்தியோகமாகச் சென்றார். தம்பி தங்கை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த குழந்தைகள் உடல் வீங்கி மடிவதை ஆராய்ந்து, அது உணவுக் குறையால் வரும் நோயென எழுதினார். ‘குவாஷியோர்க்கர்’ என்ற அவ்வூர்ப் பெயரையே 1935-ல் அதற்குச் சூட்டினார்.

1936-ல் மலாயா வந்தார். இங்கோ, தாதியர் உடையில் விற்பனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, சீனி மிகுந்த டின் பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென்று விற்றனர். திருமறை தாய்ப்பாலுக்கு இரண்டாண்டுத் தவணை கூறுகிறதல்லவா? 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வர்த்தகப் பிரமுகர்களின் முகத்துக்கு நேரே, ‘பாலும் கொலையும்’ என்று பேசினார். என்ன துணிவு! அதே டின்னைத் தேத்தண்ணீருக்காக நாம் இன்றும் விற்கிறோம்; கைக்குழந்தைக்கென்று கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஜப்பானியர் காலத்தில் அம்மையார் சாங்கியில் சிறையிருந்தார். 1948-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவியானார்.