சிவப்புக் கைப்பிடி

நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே நம்மவர்களுக்குச் சதுரங்கத்தால் தெரிந்த ஊர். ஆனந்த் ஐந்து முறை வென்ற போட்டி அங்கேதான் நடக்கிறது. 2025இல் பிரக்ஞானந்தா வென்றதும் அங்கேதான். ஜனவரியில் அவர்கள் அரங்குக்குள் காய் நகர்த்திக்கொண்டிருக்கும்போது, மணற்குன்றுகளுக்கு அந்தப் பக்கம் வடகடல் கொந்தளித்துக் கிடக்கும். ஏழு குளிர்காலமாக அந்தக் கரையில் கைட்போர்டிங் செய்கிறேன். புயல்காற்றிலும் பெரிய அலையிலும் இறங்க நினைப்பவர்களுக்கு நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

இந்த விளையாட்டை நான் கற்றது இராமேசுவரத்தில், கச்சான் காற்றுக் காலத்தில். முழங்கால் ஆழம், அலையே இல்லாத தண்ணீர், ஒரே சீராக வீசும் காற்று. தீவின் ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்றும் மறுபக்கத்தை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். நான் பழகியது பெண்கடலில். விழுந்தால் எழுந்து நிற்கலாம். அந்தத் தைரியத்தை அப்படியே வடகடலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காற்றடைத்த விளிம்புள்ள பெரிய பட்டம்தான் கைட். அதிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான நான்கு கயிறுகள் கையில் பிடிக்கும் பார் என்ற தடிக்கு வரும். பார், இடுப்பில் கட்டிய ஹார்னஸில் ஒரு வளையத்தால் மாட்டியிருக்கும். பாரை உடம்போடு இழுத்தால் இழுவை கூடும், தள்ளிப் பிடித்தால் குறையும். பாருக்குக் கீழே சிவப்பாக ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை முன்னோக்கித் தள்ளினால் வளையம் கழன்று, கைட் ஒற்றைக் கயிற்றில் துவண்டு விழும். அந்த ஒற்றைக் கயிறும் லீஷ் என்ற வாரால் உடம்போடு இணைந்தே இருக்கும். லீஷைக் கழற்றத் தனியாக இன்னொரு கைப்பிடி உண்டு. புயலில் உயிர் இருப்பது இந்த இரண்டு கைப்பிடிகளில்தான். கைட்டை ஓட்ட எல்லோரும் பயிற்சி எடுக்கிறோம். கைட்டைக் கைவிடப் பயிற்சி எடுப்பவர்கள் குறைவு.

காற்றின் வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் அதன் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. இருபது நாட், அதாவது மணிக்கு இருபது கடல் மைல் காற்றில் சுகமாக ஓட்டிய கைட், முப்பது நாட் வீச்சு வந்தால் வேறொரு மிருகம். அதனால் சராசரி வேகத்தைப் பார்த்து கைட் எடுக்காதீர்கள். வானிலை அறிக்கையில் வீச்சின் வேகம் என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதற்கு ஏற்ற அளவை எடுங்கள். என் எடை எழுபத்தைந்து கிலோ. வீச்சு முப்பத்தைந்து நாட்டைத் தொடும் என்றால் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் எடுக்கமாட்டேன். வீச்சுகளுக்கு நடுவே காற்று குறையும்போது கொஞ்சம் தொய்வாக இருக்கும். இருக்கட்டும்.

அலை வேறு கணக்கு. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் அதிகம். இரண்டு மீட்டர் உயர அலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடையும், அதாவது கால் எட்டாத இடத்தில். வடகடலில் அலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக மிக நெருக்கமாக வரும், மூச்சு வாங்க இடைவெளி தராது. கரையிலிருந்து வெளியே போகும்போது கைட்டைத் தலைக்கு நேர்மேலே நிறுத்தாதீர்கள். வீச்சு வந்தால் தூக்கிவிடும். ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, அலை உடையும் முன்பே அதன் தோளைத் தாண்டிவிட வேண்டும். தாண்ட முடியாது என்று தெரிந்தால் காலடியில் உள்ள பலகையை உதறிவிட்டு, கைட்டை உயரத்தில் காப்பாற்றுங்கள். பலகை எப்படியும் கரைக்கு வந்துவிடும். அதைக் காலோடு கயிறு போட்டுக் கட்டுவது மட்டும் வேண்டாம். அந்தக் கயிறு இழுபட்டு, பலகை திரும்பிவந்து தலையில் அடிக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மதியம். தென்மேற்குக் காற்று. அந்தக் கரை மேற்கு நோக்கியது, கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் எய்முய்டன் துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்புச் சுவர். தென்மேற்குக் காற்று நம்மை அந்தச் சுவரிலிருந்து விலக்கி, வடக்கே மணற்கரை நோக்கித் தள்ளும். பயமில்லை. காற்று வடமேற்காக மாறினால், அதே கரையில் அதே சுவரை நோக்கி ஒதுக்கப்படுவோம். மாலையில் குளிர்காற்று முகப்பு ஒன்று கடந்துபோகும் என்று அறிக்கை சொன்னது. முகப்பு கடக்கும்போது இங்கே தென்மேற்குக் காற்று வடமேற்காகத் திரும்பும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று மணிக்கு ஏறிவிடலாம் என்று ஏழு சதுர மீட்டர் கைட்டோடு இறங்கினேன்.

இரண்டு மணிக்கே மேற்கில் கருநீலமாக ஒரு கோடு கட்டியது. இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தேன். திடீரென்று காற்று நின்றது.

இராமேசுவரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் பழகுவதைப் பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, வீசுற காத்துக்குப் பயப்படாத. வீசிக்கிட்டிருந்த காத்து நின்னுச்சுன்னா உடனே கரைக்கு வந்துரு. அது சும்மா நிக்காது." அந்தக் குரல் அப்போது நினைவுக்கு வந்தது. வந்து பயனில்லை, கரை இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது.

கயிறுகள் தொய்ந்தன. கைட் பின்னால் சரிந்து நுரைக்குள் விழுந்தது. அடுத்த நொடி வடமேற்கிலிருந்து காற்று அறைந்தது. நுரையில் கிடந்த கைட் தானாக எழுந்து, இழுவை உச்சமாக இருக்கும் இடத்தில் விரிந்து, என்னைத் தண்ணீருக்கு அடியிலேயே இழுத்துக்கொண்டு ஓடியது. மூக்கு, வாய் எல்லாம் உப்புநீர். சிவப்புக் கைப்பிடியைத் தள்ளினேன். தடித்த ரப்பர் கையுறை வழுக்கியது. அந்தக் கைப்பிடியை நான் எத்தனையோ முறை பழகியிருக்கிறேன், எல்லாம் வெறுங்கையால். இரண்டாவது முறை இரண்டு கையாலும் தள்ளினேன். கழன்றது.

முடிந்தது என்று நினைத்தேன். ஒற்றைக் கயிற்றில் துவண்ட கைட்டின் துணிக்குள் அடுத்த அலை நுழைந்தது. இப்போது இழுத்தது காற்றல்ல, தண்ணீர். லாரியில் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. லீஷைக் கழற்ற இடுப்பில் தடவினேன், கைப்பிடி அங்கே இல்லை. இழுபட்டதில் ஹார்னஸ் சுற்றிக்கொண்டு, அது முதுகுப் பக்கம் போயிருந்தது. விரல்களால் தேடித் தேடி எடுத்தேன். கைட் போயிற்று. கயிறுகள் நுரைக்குள் வலை மாதிரி பரந்து மிதந்தன. காலில் சுற்றாமலிருக்க முதலில் பக்கவாட்டில் நீந்தி விலகினேன், பிறகே கரைப்பக்கம் திரும்பினேன். மிதவை உடுப்பு தாங்க, மல்லாந்து கிடந்து அலைகளே தள்ளிக்கொண்டுவர விட்டேன். சுவருக்குச் சில நூறு மீட்டர் முன்னால் மணல் காலில் தட்டியது.

சுவர் என்றால் ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம். 2020 மே 11 அன்று, இதே கடற்கரையில் தெற்கே உள்ள ஸ்கேவனிங்கனில் ஐந்து அலைச்சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். கற்றுக்குட்டிகள் அல்லர்; கடலைக் கரைத்துக் குடித்தவர்கள். துறைமுகச் சுவருக்கும் கரைக்கும் நடுவிலுள்ள மூலையில், வடக்கிலிருந்து வீசிய பலத்த காற்று பாசியால் உண்டான நுரையை ஆள் மூழ்கும் அளவுக்கு ஒதுக்கிக் குவித்திருந்தது. அந்த ஐந்து பேரை நினைக்காமல் நான் எந்தக் கரையிலும் இறங்குவதில்லை. காற்று நம்மை எந்த மூலையில் ஒதுக்கும், திசை மாறினால் எந்த மூலையில் ஒதுக்கும் என்று இரண்டையும் கரையில் நின்றே பார்த்துவிட வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் எந்த வேகத்திலும் இறங்கக்கூடாது.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஆளில்லாத கைட் அலையில் உருள்வதைக் கரையில் யாரோ பார்த்துத் தகவல் கொடுத்துவிட்டார்கள். மீட்புப் படகு கிளம்பிவிட்டது. இங்கே கடல்மீட்பைச் செய்வது 1824இல் தொடங்கிய கேஎன்ஆர்எம் என்ற அமைப்பு. நன்கொடையில் இயங்குகிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். அந்தக் கடலில் எனக்காக இறங்கியிருந்தார்கள். நான் நடுங்கிக்கொண்டே யாருடைய போனையோ வாங்கி, ஆள் கரையில் பத்திரமாக இருக்கிறேன் என்று சொன்ன பிறகே படகு திரும்பியது. கைட்டைக் கடலில் விட்டுவிட்டுக் கரையேறினால் முதல் வேலை இந்த அழைப்புதான். கைட்டிலும் பலகையிலும் அழியாத மையில் பெயரும் எண்ணும் எழுதி வையுங்கள். கிடைத்தது கைட் மட்டும் என்றால் யாரைத் தேடுவது என்றாவது அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அலைதடுப்புக் கற்களுக்கு இடையே கைட் நார்நாராகக் கிடந்தது. பாரின் ஒரு முனை உடைந்திருந்தது.

புது பார் வந்த அன்று, வீட்டுக் கூடத்தில் தூணில் கயிற்றைக் கட்டி, ஹார்னஸை மாட்டி, ரப்பர் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடியபடி முதலில் சிவப்புக் கைப்பிடி, அடுத்து லீஷ். பிறகு ஹார்னஸைப் பின்னால் திருப்பி வைத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. ஒவ்வொரு அக்டோபரிலும் சீசன் தொடங்குமுன் இதைச் செய்கிறேன். என் மகள் கடிகாரத்தோடு சோபாவில் உட்கார்ந்திருப்பாள். மூன்று விநாடிக்கு மேல் போனால் கணக்கில் சேர்க்கமாட்டாள். "இன்னொரு தடவை, அப்பா" என்பாள்.