கூகையைப் படம் பிடிக்கப் போகும்முன்

வாழவந்தியில் எங்கள் காபித் தோட்டத்துப் பழைய கொட்டகைப் பரணில் ஒரு ஜோடிக் கூகை இருக்கிறது. இதய வடிவ வெள்ளை முகம், கிரீச்சென்ற அலறல். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, "சார், அது கத்துனா ஊட்டுல சாவு விழும்பாங்க. வெரட்டி உட்டுருங்க. எலிக்கு நான் மருந்து வச்சுக்கறேன்" என்றார். வாய்ப்பேச்சு எடுபடவில்லை. படம் எடுத்துக் காட்டலாம் என்று கேமராவோடு கிளம்பினேன்.

முதல் நாளே தப்புப் பண்ணினேன். காபிக்குப் பூ மழையை எதிர்பார்க்கும் மார்ச் மாதம். ஆறு மணிக்குத் தெளிவாக இருந்த வானம், ஏழு மணிக்கெல்லாம் மூடுபனி. அவசரத்தில் ஃபிளாஷ் அடித்தேன். பனித்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததில் படம் முழுக்க வெள்ளைப் புகை. இருட்டுக்குப் பழகிய கண் கூசி, பறவை மழையில் பறந்துபோனது. ஐந்து நாள் திரும்பவில்லை. அதில் கற்றவை இவை:

1. முதல் ஒரு வாரம் கேமரா வேண்டாம். எப்போது வெளியே வருகிறது, எந்தக் கிளையில் உட்காருகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

2. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அந்தி வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே எடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 3200 அளவுக்கு ஏற்றினால் உட்கார்ந்திருக்கும் பறவை பதியும். நடந்துபோக டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள்.

3. கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். செல்போனில் அலறலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். குஞ்சுக்கு இரை தேடும் நேரம் வீணாகும்.

4. கேமராவுக்குப் பாலிதீன் உறை, ஒரு துண்டு அவசியம். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், லென்சில் நீர் கோத்துக்கொள்ளும். இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

பத்தாவது நாள், வாயில் எலியோடு ஒரு படம் கிடைத்தது. கூடவே, கொட்டகைத் தரையில் கிடந்த உருண்டைகளையும் பொறுக்கினேன். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகளை எண்ணலாம். ஒரு மண்டையோடு, ஒரு எலி. இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இல்லை.

நற்றிணை 83-ஆம் பாட்டில், கூகை அலறாமல் இருந்தால் நெய்ச்சோற்றோடு சுட்ட எலி தருகிறேன் என்கிறாள் தோழி. அதற்கு எலிதான் விருந்து என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

புரோமாடயலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். விஷம் அதற்கும் போய்ச் சேரும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

படத்தையும் மண்டையோடுகளையும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கத்துறது மட்டும் பயமாத்தான் இருக்குது சார்" என்றார். ஆனால் மருந்து வைக்கவில்லை. எலிப்பொறி வாங்கிவிட்டார்.