கடல் கொண்ட இருப்புப்பாதை

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் சூழ நீண்டு கிடக்கும் மணல் திட்டே தனுஷ்கோடி. அங்கே ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்றால் இன்று நம்புவது கடினம். அந்தச் சிறிய கிளைப்பாதையின் வரலாற்றைக் காண்போம்.

தொடக்கத்தில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். கடற்பயணத்தைக் குறைக்கும் பொருட்டுப் பாம்பன் கடற்கால்வாய்மீது பாலம் கட்டப்பெற்று, 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. பாம்பனிலிருந்து ஒரு பாதை இராமேசுவரத்துக்கும், மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. 'போட் மெயில்' வண்டியில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சேர்ந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற ஏழைத் தொழிலாளர் பலரும் இவ்வழியே சென்றனர். இரயிலால் ஊர் வளர்ந்தது. அஞ்சலகம், சுங்கச் சாவடி, பள்ளி, கோயில், மாதா கோயில் எல்லாம் அமைந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில், இலங்கையைக் கடந்து வந்த கடும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் வண்டி ஊரை நெருங்கும் வேளையில் பேரலைகள் அதனை விழுங்கின. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது.

அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்ட பணியை, இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் முடித்தனர். கடலில் விழுந்த இரும்பு உத்தரங்களையே தேடி எடுத்து மீண்டும் பொருத்தியது அவர்தம் திறமைக்குச் சான்று. எனவே இராமேசுவரத்துக்கு வண்டி மீண்டும் ஓடியது, தனுஷ்கோடிக்கோ ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6-இல் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது.

தனுஷ்கோடிப் பாதையைத் திரும்ப அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் இயற்கைச் சூழல் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. வேண்டுமா, வேண்டாமா? பாலத்தைத் தாங்கக் கடலடியில் ஊன்றிய தூண்கள் இருந்தன. தனுஷ்கோடிப் பாதைக்கோ காற்றும் அலையும் இடம் மாற்றும் மணலே அடித்தளம். மணல்மீது வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமை நாம் அறிந்ததே. ஆனால் அங்கு வாழ்ந்தவர்கள் மதியற்றவர்கள் அல்லர். பிழைப்பு அவர்களை அங்கு அழைத்தது. அவர்களுக்குப் புயலை முன்னறிந்து சொல்லும் வசதி அன்று போதிய அளவில் இல்லை. இன்று நமக்குச் செயற்கைக்கோள்கள் உண்டு. அறிந்த பின்னும் எச்சரிக்கையை மதியாமல் இருப்பதுதான் மதியீனம்.

இடிந்து நிற்கும் மாதா கோயில் சுவர்களையும் இரயில் நிலையத்தின் எச்சங்களையும் காணச் செல்லும் தோழியரே, அவற்றின் முன் வெறும் படம் எடுத்துத் திரும்பாதீர்கள். அன்றிரவு ஊர் சேராத பயணிகளுக்காக ஒரு நிமிடம் செபியுங்கள்.