விடுதி அறையில் ஒரு கிண்ணம் சுண்டல்

அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளில், சைவ உணவு உண்பவர் சிலர் உணவுக்கூடத்தில் ஏற்றது கிடைக்காமல் அரை வயிற்றோடு எழுந்துவிடுகிறார்கள். இரவு 11 மணிக்குப் பசி வந்தால் சிப்ஸ், சாக்லேட்தான். சற்று நேரத்தில் மறுபடி பசி, கைக்காசும் கரைகிறது.

பெரும்பாலான விடுதி அறைகளில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. ஆனால் மைக்ரோவேவ் ஒன்று இருந்தால் போதும். நவராத்திரியில் நாம் கோயிலில் வாங்கி உண்ணும் சுண்டலே இவர்களுக்கு ஏற்ற சிற்றுண்டி. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 15 கிராம் புரதமும் 12 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. மெதுவாகச் செரிப்பதால் பசி தாங்கும்.

செய்முறை: டின்னில் வரும் வெந்த கடலையை நீரில் நன்கு அலசி வடிக்கவும், உப்பு குறையும். கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி, ஒன்றரை நிமிடம் சூடு செய்யவும். டின்னோடு மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் சுண்டல் பொடி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து கலக்கவும்.

பொடிக்குப் பெற்றோர் பொறுப்பு. தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து அரைத்து, ஈரமில்லாத பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள்.

மிஞ்சிய சுண்டலை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 3 நாள் வரை உண்ணலாம்.

மாணவச் செல்வங்களே, அறைத் தோழருக்கும் ஒரு கை கொடுங்கள். சுண்டல் என்றுமே தனியாக உண்பதற்கு அல்லவே!