முதிராத குருத்து

நுழையும்முன்

பனையின் உச்சியில் இன்னும் விரியாமல் வெளிறி நிற்கும் இளம் ஓலையைக் குருத்து என்கிறோம். உடலுக்குள் எலும்பாகாமல் நிற்கும் மென்மையான பகுதிக்கும் தமிழ் குருத்தெலும்பு என்றே பெயரிட்டது. இக்குருத்து ஓரிடத்தில் முதிர்ந்தாக வேண்டும். மற்றோரிடத்தில் முதிரவே கூடாது. அவ்வேறுபாட்டை விளக்குகிறது இப்பாடம்.

ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய வில்லியம் ஹண்டர், ஜான் ஹண்டர் என்னும் சகோதரர்கள் 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர்கள். மூத்தவரான வில்லியம், மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி 1743இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புண்பட்ட குருத்தெலும்பு மீண்டும் தேறுவதில்லை என்பது அதில் அவர் கூறிய முடிவு. இளையவரான ஜான், ஓர் இளம் பன்றியின் கால் எலும்பில் இரண்டு ஈயக்குண்டுகளைப் பதித்துவைத்தார். பன்றி வளர்ந்தது, எலும்பும் நீண்டது. குண்டுகளுக்கு இடையே இருந்த தொலைவு மட்டும் மாறவில்லை. எலும்பு நடுவில் நீள்வதில்லை, முனைகளிலேயே நீள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அண்ணன் கண்ட நோயும் தம்பி கண்ட வளர்ச்சியும் ஒரே வகைச் செல்லோடு தொடர்புடையவை என்பது நெடுங்காலத்திற்குப் பின்னரே புலப்பட்டது.

வளர்ச்சித்தட்டு

வளரும் பருவத்தினரின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதுவே வளர்ச்சித்தட்டு. அதன் மேற்பகுதியில் செல்கள் ஓய்ந்திருக்கின்றன. அடுத்த பகுதியில் அவை பிரிந்து பெருகி, அடுக்கிவைத்த காசுகளைப்போல் நெடுவரிசையாக நிற்கின்றன. அதற்கும் கீழே பிரிதல் நின்று, பருத்தல் தொடங்குகிறது. ஒவ்வொரு செல்லும் தன் பழைய கொள்ளளவைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் பெருக்கிறது. எலும்பு நீள்வதற்குச் செல்களின் எண்ணிக்கை கூடுவதே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆயினும், விரைந்து வளரும் எலும்புகளில் நீளத்தின் பெரும்பங்கைத் தருவது இப்பருத்தலே ஆகும்.

ஜெர்போவா என்னும் பாலைவனக் கொறிவிலங்கு இதற்கு நல்ல சான்று. எலியின் உறவினமாகிய அதற்குப் பின்னங்கால் பாத எலும்புகள் மட்டும் மிக நீளமானவை. 2013இல் வெளியான ஆய்வு ஒன்று அதன் வளர்ச்சித்தட்டுச் செல்களை அளந்து பார்த்தது. பருத்தல் மூன்று கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டத்தில் செல்லின் திடப்பொருளும் நீரும் ஒத்த அளவில் கூடுகின்றன. இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் நீரே புகுந்து செல் உப்புகிறது. மூன்றாம் கட்டத்தில் மீண்டும் இரண்டும் சேர்ந்து வளர்கின்றன. அம்மூன்றாம் கட்டம் நீடிக்கும் இடத்தில் எலும்பு நெடிதாகிறது.

பருத்த செல் தன் தொழிலையும் மாற்றிக்கொள்கிறது. அதுவரை இரண்டாம் வகைக் கொலாஜனைச் சுரந்த செல், பத்தாம் வகைக் கொலாஜனைச் சுரக்கிறது. சுற்றுப்புறத்தில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. இரத்தக் குழாய்கள் உட்புகுகின்றன; அவற்றோடு வரும் செல்கள் குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பைக் கட்டுகின்றன. பருத்த செல்கள் அனைத்தும் மடிந்துவிடுகின்றன என்றே பாடநூல்கள் பல காலம் கூறிவந்தன. அவற்றுள் ஒரு பகுதி எலும்பு ஆக்கும் செல்களாகவே மாறுகிறது என்பதை 2014இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

முதிர்வுக்கு ஒரு தடையும் இருக்கிறது. முதிரத் தொடங்கும் செல்கள் ‘இந்தியன் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் எலும்பின் முனையில் மற்றொரு புரதம் சுரந்து, பின்னால் நிற்கும் செல்களை ‘இப்போது வேண்டா’ எனத் தடுத்துவைக்கிறது. 1996இல் விளக்கப்பட்ட இச்சுற்று இல்லையேல் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் முதிர்ந்து, வளர்ச்சி பாதியிலேயே முடிந்துவிடும். மாறாக, வைட்டமின் டி குறைவால் பாஸ்பேட் போதாத குழந்தையிடம் பருத்த செல்கள் அகலாமல் தேங்குகின்றன. மணிக்கட்டு வீங்குவதும் கால் வளைவதுமாகிய ரிக்கெட்ஸ் நோய் அதன் விளைவு.

தெரியுமா?
வளர்ச்சித்தட்டு மூடுவதற்கு ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. அதனை உணரும் ஏற்பி செயல்படாத 28 வயது ஆண் ஒருவர் 204 செ.மீ. உயரத்திலும் வளர்ந்துகொண்டிருந்தார் என 1994இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது.

மூட்டுக்குள்

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் மூட்டுக் குருத்தெலும்பு வாழ்நாள் முழுதும் குருத்தாகவே இருக்கவேண்டியது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. ஆதலால் சிதைவு தொடங்கும்போது வலி தெரிவதில்லை. செல்கள் மிகச் சிலவே. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கதிரியக்கக் கார்பனை அளவுகோலாகக் கொண்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, வளர்ந்தோரின் மூட்டுக் குருத்தெலும்பில் கொலாஜன் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனக் காட்டியது. இளமையில் அமைந்த இழைகளே முதுமை வரை உடலைத் தாங்குகின்றன. வில்லியம் ஹண்டரின் முடிவுக்கு இதனினும் நல்ல விளக்கம் தேவையில்லை.

மூட்டு நோயை மக்கள் ‘தேய்மானம்’ என்பர். அச்சொல் பாதி உண்மையே. வண்டி அச்சைப்போல் மூட்டு வெறுமனே தேய்வதில்லை. அதன் செல்கள் செயல்படுகின்றன, ஆனால் தவறான செயலில் இறங்குகின்றன. நோயுற்ற மூட்டில் சில செல்கள் வளர்ச்சித்தட்டின் பழைய பாடத்தை மீண்டும் தொடங்கிப் பருக்கின்றன. பத்தாம் வகைக் கொலாஜனையும், இரண்டாம் வகைக் கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி.13 என்னும் நொதியையும் சுரக்கின்றன. சுண்ணாம்பு படிந்த அடுக்கு மேலேறுகிறது. ஓரங்களில் எலும்பு முளைகள் தோன்றுகின்றன. குழந்தையை உயர்த்திய அதே வேலை முதியவரின் முழங்காலை மடக்கவிடாமல் செய்கிறது.

பருத்தல் நோய்க்கு எவ்வளவு காரணம், எவ்வளவு விளைவு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். அந்நொதி இல்லாத எலிகளில் மூட்டைக் குலைத்தபோது குருத்தெலும்பின் அரிப்பு குறைந்தது. செல்கள் பருப்பதோ நிற்கவில்லை. மருந்து தேடுவோர் இரண்டையும் தனித்தனியே எதிர்கொள்ளவேண்டியுள்ளது. எலும்பு மச்சையின் குருத்தணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்ப்போருக்கும் இதே தொல்லை உண்டு. குருத்தெலும்பு உருவாகிறது, உரிய இடத்தில் நில்லாமல் பருத்துச் சுண்ணாம்பு ஏறி எலும்பாகத் தொடங்குகிறது.